பத்தொன்பது நாள் முகம்

குழந்தையின் தலையைக் கேக் அடுப்புக்குள் வைத்துச் சிவரஞ்சனி கதவைச் சாத்தியபோது, மாமியார் குருவம்மாள் சமையலறை வாசலில் வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எண்ணெ தடவுனியா?" என்று கேட்டாள். "தடவாம வச்சா அடிப்பிடிச்சிருமே."

"இதுக்கு எண்ணெ வேண்டாம் அத்தே. பெயிண்டு காயணும், அதுக்குத்தான்."

"அப்பிடியா. நான் மதியத்துக்குத்தான் என்னமோ செய்றியோன்னு நெனச்சேன்."

பொம்மைத் தலைதான். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக்கில் தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு, பஞ்சும் மணலும் அடைக்கத் துணியில் ஒரு உடம்பு என்று ஒரு செட்டாக வரும். போனில் ஆர்டர் போட்டால் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கூரியர் கடைக்கு வந்துவிடும். வரும்போது அவித்து உரித்த முட்டை மாதிரி ஒரு நிறமும் இல்லாமல் இருக்கும். தண்ணியாகக் கரைத்த பெயிண்டை, முகத்தில் பவுடர் போடுகிற ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக நறுக்கி அதால் ஒற்ற வேண்டும். ஒரு பூச்சு, அது அழியாமல் பிடிக்க எட்டு நிமிடம் அடுப்பு, ஆறவிட்டு மறு பூச்சு. இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து முறை. கடைசியில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், தூங்குகிற பிள்ளை என்று நினைத்துக் குரலைத் தணித்துப் பேசுவார்கள். அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

சிவரஞ்சனிக்கு அந்த அளவு வர நாலு மாதம் பிடித்தது. முதல் தலையில் பெயிண்டைக் கெட்டியாக அப்பி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கினாள். அடுத்ததில் சிவப்பு கூடிப்போய்ப் பிள்ளைக்கு அம்மை போட்டதுபோல் ஆனது. அதைப் பார்த்துக் குருவம்மாள் வேப்பிலை ஒடித்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டு வேலைக்காரி மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இந்தப் பொம்மைச் சோலி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் ஆவணியில் சிவரஞ்சனிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. முப்பது நாள் கழியாமல் பிள்ளையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது குருவம்மாள் வைத்த சட்டம். எடுத்தால் ஆயுசு குறையுமாம். வீட்டில் நாலு போன் இருந்தும் ஒருவரும் எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் விடிகாலையில் பிள்ளை மூச்சுக்குத் திணறி, தேனிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டது. புருஷன் அழகுராஜாவும் பங்காளிகள் நாலு பேரும் தேவாரம் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பச்சை உடம்புக்காரி வரக்கூடாது என்று சிவரஞ்சனியை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பது வழக்கம் என்பதால், நினைத்து அழுவதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஆக, அந்த முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை. அவள் நினைப்பில் மட்டும்தான் இருந்தது. நினைப்பு கரைவதற்குள் அதைக் கையில் பிடிக்கிற ஒன்றாகச் செய்துவிட வேண்டும். இதற்குத்தான் இத்தனையும்.

மூன்றாவது செட்டில், போனில் கற்றுக்கொடுக்கிற வெள்ளைக்காரி சொன்னதை அணு அளவும் மாற்றாமல் செய்தாள். உள்ளே நீலம், மேலே ரோஸ், முழங்கைக்கும் முட்டிக்கும் கொஞ்சம் கூடுதல் ரோஸ், இமைமேல் மயிரிழை மாதிரி ஊதா நரம்பு. கை பழகுவதற்காகச் செய்தது. அது பிரமாதமாக வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, விரல் நகத்துக்கு அடியில் ரத்தம் ஓடுவதுகூடத் தெரிந்தது.

குருவம்மாள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். போடிமெட்டுக்கு மேலே அழகுராஜா குத்தகைக்கு எடுத்திருக்கும் தோட்டத்துக் காயை ஜீப்பில் இறக்கி, கொல்லையில் தகரக் கொட்டகைக்கு அடியில் கொட்டுவார்கள். வேலையாட்கள் இருந்தாலும் தரம் பிரிப்பது குருவம்மாள்தான். நல்ல பச்சை ஒரு பக்கம், நிறம் போனது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். கண் பார்க்குமுன் கை தள்ளிவிடும். அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொம்மையை வாங்கினாள். தலைக்கு அடியில் கை கொடுத்துத்தான் வாங்கினாள்.

"ஆத்தே, என்னா நெறம்," என்றாள். "ராசாத்தி. இந்த மாதிரி ஒன்னப் பெத்துக் குடுத்திருந்தா நான் ஏன்டி வாயத் தொறக்கப் போறேன்."

சிவரஞ்சனி ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இத பவதாரணிக்குக் குடுத்துரு. மாசமா இருக்கவ கண்ணுக்கு முன்னால நாளும் இது கெடக்கட்டும். பாத்துக்கிட்டே இருந்தா வயித்துப் பிள்ளையும் இது மாதிரி வரும். அந்தக் காலண்டர்ப் பிள்ளைய ஒட்டி வச்சதுக்கு இது எம்புட்டோ தேவல."

பவதாரணி குருவம்மாளின் மகள். ஏழாம் மாதம். அந்த வாரம் வளைகாப்பு. பழகச் செய்த பொம்மைதானே என்று சிவரஞ்சனியும் சரி என்றாள்.

வளைகாப்பு அன்று, பிள்ளையைப் பறிகொடுத்தவள் கை வளையலில் படக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீ அடுப்படியப் பாரு ஆத்தா, ஏழு வகச் சோறு இருக்கு, நீ இல்லாட்டி கெட்டுப்போகும்" என்று குருவம்மாள் பிரியமாகச் சொன்னாள். சிவரஞ்சனி புளியோதரையைக் கிளறிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்காலியில் பவதாரணி. பக்கத்து நாற்காலியில் பட்டுத்துணி விரித்து, பொம்மை. வந்த பொம்பளைகள் பவதாரணி கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு, பொம்மை கன்னத்திலும் ஒரு சொட்டு தடவிவிட்டுப் போனார்கள். யாரோ அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். பெற்ற பிள்ளைக்குப் பொட்டு வைத்தபோது, "இதுக்கு எதுக்குடி, பொட்டு எங்க இருக்குன்னு தேடணும்" என்று இதே குருவம்மாள் சொன்னது சிவரஞ்சனிக்கு நினைவிருந்தது.

மறுநாள் பவதாரணி சமையலறைக்கு வந்தாள். பேறுகாலம் வரை இனி இங்கேதான் இருப்பாள். நல்ல பெண்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"மதினி, ரொம்ப அழகா செஞ்சிருக்கீக. கண்ண முழிச்சதும் அதத்தான் பாக்குறேன்," என்றாள். பிறகு, "அடுத்து நம்ம பாப்பாவச் செய்யப் போறீகளாமே."

"ஆமா பவா. செட்டு வந்துருச்சு."

"செய்யிங்க மதினி. ஆனா எங்கண்ணுல மட்டும் காட்டிராதீக. தப்பா நெனைக்காதீக, மாசமா இருக்கேன்ல, அதான்."

"காட்டல," என்றாள் சிவரஞ்சனி.

நாலாவது செட்டை மச்சு அறையில் வைத்து ஆரம்பித்தாள். மாநிறத்துக்கும் கீழே போகிற அந்தக் கறுப்பை எந்த வீடியோவும் சொல்லித்தரவில்லை. காப்பித்தூள் நிறத்தில் பூசினால் மண்பானை மாதிரி உயிர் இல்லாமல் கிடந்தது. தன் உள்ளங்கை ஓரத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். கறுப்புக்கு உள்ளே மஞ்சள் இருந்தது, அதற்கும் உள்ளே செங்கல் நிறம் இருந்தது. ஒன்பதாம் பூச்சில் நிறம் வந்துவிட்டது. பிள்ளையைப் பால் கொடுக்க மடியில் போட்டால் தன் கை எது, பிள்ளை எது என்று பிரியாத நிறம். அன்றைக்கு அவள் அழவில்லை, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்து முகம். கண்ணை மூடினாள். வந்தது பவதாரணியின் பொம்மை.

திறந்துவிட்டு மறுபடி மூடினாள். அதே ரோஸ் கன்னம், அதே ஊதா நரம்பு. ஒரு மாதமாக அதைச் செய்து, இப்போது போகையிலும் வருகையிலும் தினம் அதைத்தான் பார்க்கிறாள். கூடத்தில், கட்டிலில், பவதாரணி இடுப்பில். பத்தொன்பது நாள் பார்த்த முகத்தின்மேல் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. நெற்றி எப்படி இருந்தது, புருவம் இருந்ததா, மூக்கு என்ன மூக்கு? ஒன்றும் நிற்கவில்லை.

தோட்டத்திலிருந்து அழகுராஜா இறங்கி வந்ததும் கேட்டாள்.

"மாமா, பாப்பா மூக்கு எப்பிடி இருந்துச்சு?"

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எந்தப் பாப்பா?"

அவள் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள்.

"மூக்கா," என்று யோசித்தான் பாவம், யோசித்துத்தான் பார்த்தான். "பிள்ளைக மூக்கு எல்லாம் ஒன்னு போலத்தானப்பா இருக்கும். அந்தா கெடக்குல்ல, அது மாதிரிதான்." கூடத்துப் பொம்மையைக் காட்டினான். "கொஞ்சம் கறுப்பா."

சிவரஞ்சனிக்குத் தாய் இல்லை. பேறுகாலம் இந்த வீட்டில்தான் பார்த்தார்கள். பிள்ளையைத் தினம் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டியது ஒரே ஒரு ஆள்தான். தலையைப் பிடித்து உருட்டி, மூக்கை நீவி, விரல் இடுக்கு விடாமல் எண்ணெய் போட்டவள் குருவம்மாள். பத்தொன்பது நாளும் வைதுகொண்டேதான் குளிப்பாட்டினாள். உள்ளே படுத்திருந்த சிவரஞ்சனிக்குக் காதில் பஞ்சு அடைத்திருந்தார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறக்கூடாது என்று. பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அப்போது அந்தப் பஞ்சு நல்லதாகப் பட்டது.

இரண்டு நாள் கழித்து, பவதாரணி மதியத் தூக்கம் போட்ட நேரம். தலையைத் துணியில் சுற்றிக் கேக் அடுப்புக்குக் கொண்டுபோகையில் குருவம்மாள் கொட்டகையிலிருந்து பார்த்துவிட்டாள்.

"கொண்டா, பாப்போம் அந்தக் கரிச்சட்டிய."

சிவரஞ்சனி துணியை விலக்கினாள். குருவம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏன்டி, காது இப்பிடியா இருந்துச்சு? பெறந்த அன்னிக்கே நான் காதத்தானே பாத்தேன். காது மடல்ல தெரியுறதுதான் பிள்ளையோட நெசமான நெறம். கருவேலங்காயாட்டம் கறுத்து, நுனி மடங்கி ஒட்டிக்கெடந்துச்சு. வெத்தலைய மடிச்ச மாதிரி. இது என்னமோ மொறம் மாதிரி விரிஞ்சு கெடக்கு."

வெற்றிலையை மடித்த மாதிரி. சிவரஞ்சனிக்கு விரல் நுனியில் அந்தக் காது பட்டது. ஆமாம், பால் கொடுக்கும்போது அதை நிமிர்த்தி நிமிர்த்தி விடுவாள், அது திரும்ப மடங்கிக்கொள்ளும்.

தலைமுடி காயவைக்கிற மெஷினைக் காதுப்பக்கம் காட்டிச் சூடாக்கி, நுனியை மடித்துத் துணி கட்டி ஆறவைத்தாள். இரண்டு காதுக்கும் கறுப்பு ஏற்றினாள். ஆறியதும் அவிழ்த்துப் பார்த்தால், காது மட்டும் அவள் பிள்ளை.

அதன்பிறகு மதியமானால் பெயிண்டையும் தலையையும் எடுத்துக்கொண்டு அவளே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். மாமியார் ஏலக்காய் பொறுக்க, மருமகள் முகம் எழுத. பார்க்கிறவர்களுக்குப் பாசமான குடும்பமாகத் தெரிந்திருக்கும்.

குருவம்மாளைப் பேசவைப்பது எப்படி என்று ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. கேட்டால் சொல்ல மாட்டாள். புகழ்ந்தால் போதும்.

"மூக்கு எடுப்பாத்தானே அத்தே இருந்துச்சு?"

"எடுப்பாவா? கொட்டாங்கச்சிய வச்சு அமுக்குன மாதிரி இருந்துச்சு. நீவி நீவி எங்கை தேஞ்சுபோச்சு. மூக்கு மேல வேற ரவையத் தூவுன மாதிரி வெள்ள வெள்ளயா."

சிவரஞ்சனி ஊசிமுனையால் வெள்ளைப் புள்ளி வைத்தாள். சரியாகத்தான் இருந்தது.

"புருவம் வில்லு மாதிரின்னு நர்சு சொல்லுச்சே."

"அவ காசு வாங்கச் சொல்லியிருப்பா. புருவம் எங்க இருந்துச்சு. நெத்தி மயிரும் புருவமும் ஒன்னாக் கெடந்துச்சு, கரடிக்குட்டி மாதிரி. கடலமாவு போட்டுத் தேச்சேன், போவனான்னுருச்சு."

"கண்ணு ரெண்டும் பெருசுல்ல."

"ஒன்னு பெருசு. எடதுகண்ணு அரைக்கண்ணுதான் தொறக்கும். கள்ளச்சிரிப்புக்காரி மாதிரி. நெத்தியில வேற மூணு கோடு, கடன்பட்ட கெழவி கணக்கா."

"ஆமா அத்தே. பாக்கச் சகிக்காதுதான்," என்பாள் சிவரஞ்சனி. இப்படி ஒத்துப்பாடினால் இன்னும் இரண்டு கிடைக்கும். தன் வாயால் தன் பிள்ளையை அசிங்கம் அசிங்கம் என்று சொல்லச் சொல்ல, மடியில் அது வந்துகொண்டே இருந்தது. மூன்று கோடு. அரைக்கண். காதோரம் இறங்கிய பூனைமுடி. ஒவ்வொன்றும் விழும்போது அவளுக்கு உள்ளே எங்கோ அறைந்ததுபோல் இருக்கும், உடனே கை தூரிகையைத் தேடும். பதினைந்து நாள் இப்படி வாங்கிக்கொண்டாள். வேலைக்காரிக்கே பொறுக்காமல், "அக்கா, நீங்க ஏன் அங்கன போய் உக்காருறீக" என்றாள். "காத்து வருதுல்ல" என்றாள் சிவரஞ்சனி.

உதடு ஒன்றுதான் பாக்கி. அதை எழுதி ஒருமுறை சூட்டில் வைத்தால் முடிந்தது.

அன்று குருவம்மாள் காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். சிவரஞ்சனி தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்தாள். அரைக்கண்ணால் அது குருவம்மாளைப் பார்த்தது.

குருவம்மாளின் கை காய்க்குவியல் மேல் அப்படியே நின்றது. வாயில் இருந்த வெற்றிலையை மெல்லக்கூட இல்லை. பிறகு மருமகளைப் பார்த்தாள், பெயிண்டுத் தட்டைப் பார்த்தாள், மறுபடி மருமகளைப் பார்த்தாள்.

"ஏன்டி," என்றாள் மெதுவாக. "இதுக்குத்தான் தெனம் வந்து என்னையக் கிண்டிக்கிட்டு இருந்தியா."

கிழவிக்குப் புரிந்துவிட்டது என்று சிவரஞ்சனிக்குத் தெரிந்தது. இருந்தாலும் கேட்டாள். "வாயி சின்னதா, லட்சணமா இருந்துச்சுல்ல அத்தே?"

குருவம்மாள் ஒரு காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"ஆமா ஆத்தா. லட்சணமாத்தான் இருந்துச்சு."

"கொஞ்சம் அகலமோ?"

"ச்சே. என்ன கொற சொல்ல. ரோசாப்பூ மாதிரி இருந்துச்சு."

சிவரஞ்சனி தூரிகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ரோசாப்பூவை வைத்து என்ன எழுதுவது?

குருவம்மாளுக்கு இப்போது முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. வேலையைத் தொடர்ந்தபடி, பிரியமாகப் பேசினாள். "மூக்குகூட நல்ல மூக்குதான். நாந்தான் கோவத்துல என்னத்தையோ சொல்லிட்டேன். நெத்தியில கோடெல்லாம் எங்க இருந்துச்சு, வழுவழுன்னுல்ல இருந்துச்சு. கண்ணும் ரெண்டும் ஒன்னு போலத்தான். நெறங்கூட, யோசிச்சுப் பாத்தா, செவப்புத்தான் ஆத்தா. நான் பேசுனது எதையும் மனசுல வச்சுக்காத. எல்லாம் சும்மா சொன்னது."

மடியில் கிடந்த முகம் அப்படியே ஆட்டம் கண்டது. அரைக்கண் மெய்தானா, கிழவி கோபத்தில் கட்டிச் சொன்னதா? ரவைப்புள்ளி இருந்ததா? காது ஒன்றை விரல் அறியும். மற்றதெல்லாம்? பதினைந்து நாள் யாருடைய பிள்ளையை எழுதிக்கொண்டிருந்தாள்?

"காய விடாத, வெரசா எழுது," என்றாள் குருவம்மாள். "வாயிக்கு என்ன, பவா பொம்மைக்கு எழுதுனியே, அதையே எழுது. அச்சு அசல் அதான்."

சிவரஞ்சனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் வைதாள். காது, மூக்கு, புருவம், கண், நெற்றி, முடி, நிறம், கால்விரல் வரைக்கும் ஒன்று விடவில்லை. வாயை மட்டும் ஏன் தொடவே இல்லை? எந்தக் குறையையும் தாண்டிப் போகிற ஆளா இவள்?

ஏழு வருடமாக அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டிருக்கிறாளே தவிர, அந்த வாயைச் சிவரஞ்சனி நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். கீழுதடு தடித்து, நடுவில் நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம். இடது ஓரம் வலது ஓரத்தைவிட ஒரு நெல்லளவு இறங்கி, வெற்றிலைச் சாறு அந்தப் பக்கமே ஒழுகப் பார்க்கும். பால் குடித்து முடித்தபின் பிள்ளைக்கும் அந்தப் பக்கம்தான் ஒழுகும். சிவரஞ்சனிதான் துடைத்துவிடுவாள்.

"என்னடி பாக்குற?" என்றாள் குருவம்மாள்.

"ஒன்னுமில்ல அத்தே."

குருவம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்த பிறகும் முந்தானையை எடுக்கவில்லை. அது போதும் சிவரஞ்சனிக்கு.

செங்கல் நிறத்தில் கறுப்பு ஒரு துளி சேர்த்துக் கீழுதட்டை எழுதினாள். நடுவில் பள்ளம். இடது ஓரத்தை ஒரு நெல்லளவு இறக்கினாள். எழுதி முடித்துத் தலையை மாமியார் பக்கம் திருப்பினாள்.

குருவம்மாள் முந்தானைக்கு மேலிருந்து பார்த்தாள். மகன் வயிற்றுப் பேத்தியின் முகத்தில் தன் வாய் கிடந்ததைப் பார்த்தாள். பத்தொன்பது நாளும் பார்த்தவள்தானே.

"அத அழி," என்றாள்.

சிவரஞ்சனி எழுந்தாள்.

"ஏ, ஓங்கிட்டத்தான் சொல்றேன். ஈரத்துணி எடுத்து அதத் தொடைடி."

சிவரஞ்சனி சமையலறைக்குள் போனாள். அடுப்பு முன்பே காய்ந்திருந்தது. தலையைத் தட்டில் நிமிர்த்தி வைத்து, கதவைச் சாத்தி, முள்ளை எட்டில் திருப்பினாள். குருவம்மாள் மடியில் இருந்த காய் சிதற எழுந்து ஓடிவந்தாள். முட்டிவலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. மருமகள் அடுப்புக்கு முன்னால் நின்றாள். விலகவில்லை.

"ஊருக்காரிக பாத்தா என்ன சொல்லுவாளுக," என்றாள் குருவம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அது வேண்டாம் ஆத்தா. நல்லாவா இருக்கு? தொடச்சிரு. வேற வாயி எழுதிக்கலாம்."

"நல்லா இல்லதான் அத்தே," என்றாள் சிவரஞ்சனி. "பாக்கச் சகிக்காதுதான்."

உள்ளே பவதாரணி தூக்கத்தில் புரண்டு படுத்தாள், கட்டில் முனகியது. இரண்டு பேரும் அடுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள். மணி அடித்தது. சிவரஞ்சனி கைத்துணியால் தட்டை வெளியே இழுத்தாள். குருவம்மாள் குறுக்கே கையை விட்டு, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, சுடச்சுட அந்த உதட்டை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துவிட்டு முந்தானையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சூடு பட்டுருச்சு அத்தே," என்றாள் சிவரஞ்சனி. "இனிமே போகாது."